நான் இழுத்துக் கோர்த்த கைகள்

என் அன்பான ஞானம்மா அக்காவுக்கு,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. எழுதினால் யாராவது படித்துக் காட்ட வேண்டும், அது எதற்கு, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நேரிலும் பேசவில்லை.

இந்தக் கடிதத்தை நம் சபையின் மாத இதழுக்கு அனுப்பப் போகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் உங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை வந்த அதே இதழ்தான். அதைப் படித்தவர்களில் கொஞ்சம் பேராவது இதையும் படிக்க வேண்டும். அதனால் உங்களுக்கே தெரிந்த சில விஷயங்களை உங்களிடமே சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மலையேறி வந்தேன். ஆலங்காயத்தில் பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூட விடுதியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். சமையல்கட்டுக்குப் புகைபோக்கி வைத்துவிட்டார்கள், அக்கா. பதினெட்டு வருஷம் நீங்கள் கேட்டீர்கள். இப்போது அங்கே சமைக்கிற பெண் கண்ணைக் கசக்காமல் வேலை செய்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வேறு என்னவோ வந்தது.

விடுதிப் பிள்ளைகள் அறுபது பேருக்கு நீங்கள்தான் கூழும் களியும் சாம்பாரும் சமைத்துப் போட்டீர்கள். நான் வாணியம்பாடியிலிருந்து புதிதாக வந்த டீச்சர், அடுப்பு மூட்டத் தெரியாதவள். ஒருநாள் உங்களுக்கும் சேர்த்து உப்புமா கிண்டிக் கொண்டுவந்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா டீச்சர், இத்த துன்றதுக்கு உபவாசமே இருந்துடலாம் போலக்குதே" என்றீர்கள். பிறகு அதை முழுவதும் சாப்பிட்டீர்கள். அன்றிலிருந்து நான் உங்களை அக்கா என்றேன். நீங்கள் என்னைக் கடைசிவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டீர்கள்.

சாமுவேல் உங்களுக்கு ஒரே மகன். கணவர் இறந்த பிறகு நீங்கள் விடுதிச் சம்பளத்தில் வளர்த்த பிள்ளை. காவலூரில் பெரிய தொலைநோக்கிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கல் சுமந்து கூலி வாங்கிவந்தான். அறுப்புக் காலத்தில் மட்டும் வேலையை விட்டுவிட்டு உங்கள் சாமைக் காட்டைப் பார்க்க வந்துவிடுவான்.

அந்த வருஷம் களத்தில் சாமையைக் குவித்துப் போட்டிருந்தான். அடுத்த வீட்டுச் சாராளின் மகன் ஈசாக்கின் மாடு வந்து குவியலில் வாய் வைத்தது. மாட்டை அடித்தான் இவன். ஏன் அடித்தாய் என்றான் அவன். இருவரும் என் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். பேச்சு ஏறியது. ஈசாக்கின் கையில் கொடுவாள் இருந்தது. பகல் பத்து மணிக்கு, பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாம் முடிந்துவிட்டது. சாமுவேலைக் கட்டிலில் வைத்துத் தார்ச்சாலைவரை தூக்கிப் போனார்கள். ஜீப் வருவதற்குள் போய்விட்டான்.

ஈசாக்கு ஓடவில்லை. களத்திலேயே உட்கார்ந்திருந்தான் என்றார்கள். போலீஸ் வந்து கூட்டிப்போனது. பிறகு வேலூர் ஜெயில்.

இறந்தவனின் தாயும் கொன்றவனின் தாயும் ஒரே சபை. அடுத்தடுத்த வீடு. நம் ஊரில் இருந்ததே இருபது கிறிஸ்தவக் குடும்பங்கள். அவற்றில் பாதி உங்களுக்குச் சொந்தம், பாதி சாராளுக்குச் சொந்தம். உங்கள் கொழுந்தன் மகன்கள் பழிக்குப் பழி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். இதை நான்தான் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு ஆண்டவரைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் வாசிப்பேன், விளக்குவேன், உதாரணம் சொல்வேன். உதாரணம் இல்லாமல் எனக்குப் பாடம் நடத்த வராது என்று உங்களுக்குத் தெரியுமே. விதை செத்தால்தான் முளைக்கும் என்றேன். பொன்னைப் புடமிடுவதைச் சொன்னேன். பிள்ளையை இழந்தவளிடம் விதையையும் பொன்னையும் பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒருநாள்கூட எழுந்து போகச் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், "டீச்சர், தொண்ட காஞ்சிருக்கும், தண்ணி குடிங்க" என்றீர்கள். அதற்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது.

ஆண்டவர் தம் நண்பனின் கல்லறைக்கு முன்னால் நின்று அழுதார் என்ற கதையை முப்பத்தொரு வருஷம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள் நான். அழுத இடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டி, செத்தவன் எழுந்துவந்த இடத்துக்கு ஓடிவிடுவேன். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். உங்களிடமும் அப்படியே ஓடினேன். அவர் ஏன் முதலில் அழுதார், அக்கா? எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தவர் எதற்கு நின்று அழ வேண்டும்? இதை நான் ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை.

நம் மலைச் சபையில் அப்போது தங்கியிருக்கும் போதகர் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கீழேயிருந்து ஒருவர் ஏறிவந்து, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து கொடுப்பார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆயத்த ஆராதனை நடக்கும். மனஸ்தாபம் உள்ளவர்கள் எழுந்து, எல்லார் முன்னாலும் ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மறுநாள் திருவிருந்துப் பந்திக்கு வரலாம். வேலிச் சண்டை, கோழிச் சண்டை, ஊற்றடியில் நடந்த வாய்ச்சண்டை எல்லாம் அந்த அரைமணி நேரத்தில் தீரும். நல்ல வழக்கம்தான். ஆனால் அது கோழிச் சண்டைக்கு உண்டான வழக்கம்.

சாமுவேலை அடக்கம்செய்து ஏழாவது வாரம் அந்த ஆயத்த ஆராதனை வந்தது. காலையில் சமையல்கட்டுக்கு வந்து உங்களிடம் கேட்டேன்.

"சாராளுக்குக் கைகொடுப்பீங்களா அக்கா?"

நீங்கள் சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப வேணாம் டீச்சர். அடுத்த தபா பாத்துக்கலாம்."

மாட்டேன் என்று நீங்கள் சொல்லவில்லை. அடுத்த தடவை என்றீர்கள். மூன்று மாதம் கேட்டீர்கள். எனக்கு அது பிடிவாதமாகக் கேட்டது.

வகுப்பில் இரண்டு பிள்ளைகள் பலப்பத்துக்குச் சண்டைபோட்டுக் காய் விட்டுக்கொண்டால், இருவரையும் மேசைக்கு முன்னால் நிறுத்துவேன். கையைப் பிடித்துக் கோர்த்து, பழம் சொல்ல வைப்பேன். சொன்னதும் சிரித்துவிடும், மதியம் ஒரே தட்டில் சாப்பிடும். அதே கையால்தான் அன்று சாயங்காலம், போதகர் பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் பாயருகே வந்து குனிந்து உங்கள் வலதுகையைப் பிடித்து எழுப்பினேன். அந்தப் பக்கம் சாராளை எழுப்பினேன். இரண்டு கையையும் கோர்த்து என் கையால் மூடிக்கொண்டேன். கோயில் முழுக்க ஸ்தோத்திரம் என்றது. உங்கள் கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. அதையும் நான் கட்டுரையில் எழுதவில்லை.

கட்டுரையில் என்னென்னவோ எழுதினேன். "மலைமேல் மலர்ந்த மன்னிப்பு" என்று தலைப்பு வைத்தேன். மூன்று பக்கம். உங்கள் கண்களில் தேவ சமாதானம் ஒளிர்ந்தது என்று ஒரு வரி. நான் உங்கள் கண்களைப் பார்க்கவே இல்லை. போதகர் என்னைப் பார்க்கிறாரா என்றுதான் பார்த்தேன்.

இதழ் வெளிவந்த பிறகு கீழேயிருந்து ஒரு வேன் நிறைய பெண்கள் வந்தார்கள். மன்னித்த தாயைப் பார்க்க வேண்டும் என்றார்கள். உங்களை அடுப்படியிலிருந்து நான்தான் கூப்பிட்டேன். நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். ஓர் அம்மா உங்களைக் கட்டிக்கொண்டு அழுதார். நீங்கள் அழவில்லை. அவருக்கு நீங்கள்தான் முதுகைத் தட்டிக்கொடுத்தீர்கள். பிறகு முப்பது பேருக்கு டீ போட்டீர்கள். அதன்பின் ஊரில் யார் முன்னாலும் நீங்கள் சாமுவேலுக்காக அழுததை நான் பார்க்கவில்லை. மன்னித்த தாய் அழலாமா? பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்று, உயிரோடு இருந்த உங்களை எடுத்து வைத்துவிட்டேன்.

கைகோர்த்த மறுநாள் பந்திக்கு வந்தீர்கள். அதற்கடுத்த பந்திக்கு வரவில்லை. அப்புறம் எந்தப் பந்திக்கும் வரவில்லை. ஆராதனைக்கு மட்டும் வந்து கதவோரம் உட்கார்ந்துவிட்டு, திருவிருந்துப் பாட்டு தொடங்கும்போது, "அடுப்புல வெச்சிட்டு வந்துக்கிறேன்" என்று எழுந்து போய்விடுவீர்கள்.

நான் ஓய்வு பெற்று மலையைவிட்டு இறங்கும் வாரம், சொல்லிக்கொள்ள வந்தேன். நீங்கள் புளி நசுக்கிக்கொண்டிருந்தீர்கள். நானாக எதுவும் கேட்கவில்லை. நீங்களாகவே சொன்னீர்கள்.

"டீச்சர், அன்னிக்கு கோயில்ல என் கைய இழுத்தீங்களே. கை மட்டுந்தான் போச்சி. நான் போவல."

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? புளிக்கையோடு இருந்த உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு செய்துவிட்டேன் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பத்து வார்த்தைகூட வேண்டாம். நான் ஒரு வசனம் சொன்னேன். மனது பின்னால் வரும், முதலில் கீழ்ப்படிதல் என்று விளக்கினேன். சைக்கிள் ஓட்டப் பழகும்போது முதலில் கால்தான் பழகும் என்று ஓர் உதாரணம் வேறு. நீங்கள் சிரித்தீர்கள். "எனக்கு சைக்கிள் வுடத் தெரியாது டீச்சர்" என்றீர்கள். ஒரு பொட்டலம் புளி கட்டிக் கொடுத்தீர்கள். அதுதான் கடைசி.

காய்ச்சலில் நீங்கள் போன செய்தி எனக்கு வந்து சேர ஐந்து நாள் ஆனது. அடக்கம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். முடிந்துவிட்டதே, இனிப் போய் என்ன என்று நானும் வரவில்லை. வர பயமாக இருந்தது என்பதே உண்மை.

இப்போது எதற்கு வந்தேன் என்று கேட்பீர்கள். பக்கத்து ஊரான கொல்லிமேட்டில் எஸ்தர் என்று ஒரு பெண். கைக்குழந்தைக்காரி. நம் சபைதான். இரண்டு மாதத்துக்கு முன் வேட்டைக்குப் போன இடத்தில் அவள் புருஷனை அவன் கூட்டாளியே நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். கை தவறியதா, மனதறிந்து செய்ததா என்று வழக்கு நடக்கிறது. சுட்டவனின் பெண்சாதியும் நம் கோயிலுக்குத்தான் வருகிறாள். புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் எனக்குக் கடிதம் எழுதினார். என் கட்டுரையைப் பழைய இதழில் படித்தாராம். எஸ்தருக்கும் இரண்டு முறை வாசித்துக் காட்டினாராம். "ஞானம்மா அம்மாளை ஆயத்தப்படுத்தியதுபோல் இந்தச் சகோதரியையும் நீங்கள் வந்து ஆயத்தப்படுத்த வேண்டும்" என்று எழுதியிருந்தார். ஆராதனை சனிக்கிழமை.

அதைப் படித்ததும் எனக்குப் புரிந்தது, அக்கா. நான் செய்தது உங்களோடு முடியவில்லை. உங்களையே கோலாக்கி இன்னொருத்தியை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சாமுவேலுக்குப் பக்கத்தில் உங்களை வைத்திருக்கிறார்கள். உங்கள் மேட்டில் ஒரு புல் இல்லை. சாராள் அங்கே குந்தி, மேட்டைச் சுற்றிலும் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இந்தமுறை நான் வேதப்புத்தகம் எடுத்துப் போகவில்லை. அதனாலோ என்னவோ, அவளாகப் பேசினாள்.

"பையன் உள்ள போனப்புறம் இவ மொகத்துல முழிக்க எனக்கு இன்னா மூஞ்சி இருக்குது டீச்சர்? காத்தால எழுந்து ஒரு கட்டு வெறகு கொண்டாந்து இவ வூட்டுக்குப் பின்னாடி வெச்சிட்டு ஓடியாந்துடுவேன். எடுத்துப் பள்ளத்துல எறிஞ்சிடுவா. தெனம் வெப்பேன், தெனம் எறிவா."

"எனக்குத் தெரியாதே சாராள்."

"உங்களுக்கு எப்டித் தெரியும்? நீங்க சாயங்காலந்தான் வருவீங்க." கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கினாள். "ஆறாவது வாரம் ஒருநாளு பள்ளத்துல வெறகக் காணோம். எட்டிப் பாத்தேன். அடுப்புல எரிஞ்சிக்கினு இருந்திச்சி."

"அக்கா ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணுஞ் சொல்லல. மறுநாளு போனேன். வெறகு கட்டியிருந்த கொடிய அவுத்து, சுருட்டி, அதே எடத்துல வெச்சிருந்தா. நான் திரும்பக் கட்டிக்கினு வர்றதுக்கு."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் நீங்க கை கோத்து வுட்டுட்டீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"எல்லாம் ஆயிட்ச்சி, மன்னிச்சிட்டான்னு ஊரே பேசிட்ச்சி. மறுநாளு வெறகு எடுத்துக்கினு கெளம்புறேன், காலு வரல. போனேன்னா கோயில்ல நடந்தது பொய்னு ஆயிடும் இல்ல? அவளும் கொடி வெக்கல. அப்புறம் ஊத்தாண்ட நான் இருந்தா அவ பலா மரத்தாண்ட நின்னுக்குவா. அவ இருந்தா நான் நின்னுக்குவேன். ஏழு வருசம்."

நீங்கள் கேட்ட மூன்று மாதத்துக்கு இதுதானா அக்கா காரணம்? விறகு எரிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பேச்சில்லாமல், சாட்சியில்லாமல், நீங்கள் இருவரும் உங்கள் வேகத்தில் ஏதோ ஒன்றைத் தொடங்கியிருந்தீர்கள். ஆண்டவர் அங்கே, உங்கள் வீட்டுக்குப் பின்னால், வேலை செய்துகொண்டிருந்தார். நான் முன்வாசல் வழியாக வந்து அதை மிதித்துவிட்டேன். இப்படிச் சொல்வதும் ஓர் உதாரணம்போல ஆகிவிடுகிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் எஸ்தரைப் பார்க்கப் போனேன். குழந்தைக்குக் களியைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது.

"நீங்கதானே அத்த எழுதின டீச்சரம்மா?"

"ஆமாம்மா."

"எனக்கு ராத்திரில அந்தம்மா நெனப்புதான். அவங்களால முடிஞ்சிருக்குது, எனக்கு ஏன் முடியலன்னு." குழந்தையின் வாயைத் துடைத்தாள். "அந்தம்மா நெஜமா மன்னிச்சாங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா. நான் அவங்களக் கேக்கவே இல்ல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இன்னாத்துக்கு எழுதினீங்க?"

முப்பத்தொரு வருஷத்தில் எந்தப் பிள்ளையும் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பெருமைக்காக எழுதினேன் என்றேன். அவள் குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். உள்ளே அவள் அழுவது கேட்டது. நான் எழுந்து போகவில்லை, ஜெபிக்கட்டுமா என்று கேட்கவும் இல்லை. குழந்தை என் கண்ணாடியை இழுத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு போதகரிடம் போனேன். நல்ல பிள்ளை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "வழக்கத்த எப்படிம்மா வுடறது? கைகொடுக்காம பந்திக்கு வந்தா மத்தவங்க இன்னா சொல்வாங்க?" என்றார்.

"வர முடியாதவங்க வர வேண்டாம் ஐயா. ஆனா முடியறப்போ வரட்டும். தேதி நாம வைக்க வேண்டாம்" என்றேன்.

சாயங்காலம் ஆயத்த ஆராதனையில் எழுந்து நின்றேன். கட்டுரையில் இருந்தது நீங்கள் சொன்னது இல்லை, நானாக எழுதியது என்று சொன்னேன். நீங்கள் மூன்று மாதம் கேட்டதையும் நான் கொடுக்காததையும் சொன்னேன். அந்த விறகைப் பற்றிச் சொல்லவில்லை. அது சாராளுடையதும் உங்களுடையதும். இந்த இதழில் எழுதலாமா என்று நேற்று அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் மேலே எழுதியிருக்கிறேன். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். போதகர் வேலி விஷயமாகச் சண்டை போட்ட இருவரைக் கைகொடுக்கச் சொன்னார், கொடுத்தார்கள். எஸ்தரின் பெயரை அவர் எடுக்கவில்லை. அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பாயில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இன்று ஞாயிறு. திருவிருந்து நடந்தது. எல்லாரும் எழுந்து முன்னால் போனபோது எஸ்தர் போகவில்லை. நானும் போகவில்லை. உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் நான் இத்தனை பந்தியில் கை நீட்டியிருக்கிறேன். இன்று நீட்ட முடியவில்லை. அவள் பாயிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

மன்னித்துவிடுங்கள் என்று உங்களிடம் கேட்கிறேன், அக்கா. மன்னித்துவிட்டீர்கள் என்று நானாக எழுதிக்கொள்ள மாட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பஸ் ஓடுகிறவரை, என் கால் ஏறுகிறவரை, இந்த மலைக்கு வருவேன். எஸ்தர் எழுந்து பந்திக்குப் போகிறவரை அவள் பாயில் உட்கார்ந்திருப்பேன். எப்போது போகிறாய் என்று அவளைக் கேட்க மாட்டேன்.

கேட்காமல் உங்கள் கையை இழுத்த
உங்கள் தங்கை,
கிரேஸ்